கஞ்சமலை இரும்பு ஏன் மலையிலேயே கிடக்கிறது?

வாசகர் கேள்வி, 7 ஜனவரி 2024

சேலம் உருக்காலை கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கிறது. மலை முழுக்க இரும்பு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். அப்படியிருக்க, ஆலைக்கு உலோகம் வெளியூரிலிருந்து ஏன் வருகிறது? இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வரைபடத்தை இணையத்தில் இறக்கிப் பார்த்தேன். மலையைச் சுற்றி இரும்புப் பட்டையை வளையம் போட்ட மாதிரி வரைந்திருக்கிறார்கள். வரைபடத்திலேயே இருப்பதை எடுக்காமல் விட்டால், யாரோ தடுக்கிறார்கள் என்றுதானே பொருள்?

7 ஜனவரி, இரவு

யாரும் தடுக்கவில்லை. கல்தான் தடுக்கிறது.

கஞ்சமலையில் இருப்பது பட்டை பட்டையாக அமைந்த மேக்னடைட் குவார்ட்சைட். ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் கறுப்புக் கோடு, வெள்ளைக் கோடு, மறுபடி கறுப்பு என்று பாய் நெய்தது போல இருக்கும். கறுப்பு காந்தக்கல், வெள்ளை குவார்ட்ஸ். இரும்பு நூற்றுக்கு 35 பங்கு அளவில் இருக்கும். பெல்லாரியிலும் பைலாடிலாவிலும் வெட்டுகிற சிவப்புத் தாதுவில் 60 பங்குக்கு மேல். அங்கே வெட்டி, உடைத்து, சலித்து உலைக்கு அனுப்பலாம். இங்கே கல்லைக் கேழ்வரகு மாவு போல அரைத்து, காந்தத்தால் பிரித்து, அந்த மாவை மறுபடி உருண்டை பிடித்துச் சுட்டால்தான் உலை ஏற்றுக்கொள்ளும். அரைக்கிற மின்சாரச் செலவிலேயே பாதி ஆசை போய்விடும்.

மேலாக இருக்கும் பட்டையை மட்டும் உரித்து எடுத்தால் ஓரளவு கட்டுப்படியாகலாம். ஆனால் மலை காப்புக்காடு. அது வேறு கதை.

8 ஜனவரி, காலை

‘வரைபடத்திலேயே இருக்கிறது’ என்ற சொல் இரவெல்லாம் உறுத்தியது. அந்த மலையை ஒரு காலத்தில் நானும் வரைந்திருக்கிறேன். 1996-இல் முதுகலை இரண்டாம் ஆண்டுக் களப்பணி. வரைபடத் தாள் எண் 58 ஐ/2. கஞ்சமலையும் சேலம் நகரமும் சுண்ணாம்புக் கரடும் ஒரே தாளில் அடங்கிவிடும். சுத்தியல், கைலென்ஸ், பிரண்டன் காம்பஸ், மதியத்துக்குப் புளிச்சோறு. எங்கள் கூட்டத்தில் மூன்று பேர். ஒருவன் இப்போது வங்கி மேலாளர், ஒருவன் துபாயில். நான் பள்ளி ஆசிரியர். நிலவியல் படித்த மூவரில் ஒருவரும் கல்லைத் தொடவில்லை என்று என் மனைவி சொல்லிக்காட்டுவாள்.

பாறைப் பட்டை எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று நூறு இடங்களில் அளந்து தாளில் குறித்தால்தான் வரைபடம் உருவாகும். முதல் மூன்று நாள் ஒழுங்காக அளந்தோம். நான்காம் நாள் மாலை எல்லா அளவுகளையும் தாளில் ஏற்றினால், பட்டை பாம்பு மாதிரி நெளிகிறது. அடுத்தடுத்து நூறடி தள்ளி எடுத்த அளவுகள்கூட ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பெரிய மடிப்பு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அன்றிரவு மூவரும் பரோட்டா வாங்கிக் கொண்டாடினோம்.

மறுநாள் எங்கள் பேராசிரியர் வந்தார். தாளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் காம்பஸை வாங்கி அதே பாறை மேல் வைத்தார், பிறகு மார்பு உயரத்துக்குத் தூக்கினார். ஊசி நகர்ந்தது. சுமார் 15 டிகிரி. நாங்கள் உட்கார்ந்திருந்தது காந்தக்கல் மலை. காம்பஸைக் கொண்டுபோய்க் காந்தத்தின் மேலேயே வைத்து வடக்கு எது என்று நான்கு நாள் கேட்டிருக்கிறோம்.

8 ஜனவரி, மாலை

‘பிறகு எப்படித்தான் அளப்பார்கள்’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஊசியை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். பட்டை ஓடுகிற கோட்டின் நேரே தூரத்தில் தெரிகிற கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ பார்த்துக்கொண்டு, அதைத் தாளில் கண்டுபிடித்து, கோடு போட வேண்டும். வெயில் இருந்தால் நிழலை வைத்தும் திசை பிடிக்கலாம். சாய்வுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது புவியீர்ப்பின் வேலை, காந்தத்துக்கு அங்கே அதிகாரம் இல்லை. எங்கள் பழைய அளவுகளில் சாய்வுக் கோணங்கள் மட்டும் தப்பின. திசைகள் எல்லாம் குப்பை.

11 ஜனவரி

என் 7-ஆம் தேதிக் குறிப்பில் ஒரு பிழை. ஆத்தூர்க்காரர் ஒருவர் பிடித்துவிட்டார். ‘மேலாக இருக்கும் பட்டையை உரித்து எடுத்தால்’ என்று எழுதியிருந்தேன். உரிக்க முடியாது.

மலையின் வடக்குச் சரிவில் பட்டை தெற்கு நோக்கிச் சாய்கிறது. தெற்குச் சரிவில் வடக்கு நோக்கி. இரண்டும் மலைக்கு உள்ளேதான் இறங்குகின்றன. அதாவது கஞ்சமலை ஒரு கிண்ணம். குழிவாக மடிந்த பாறை, ஆனால் சுற்றிலும் இருந்த மென்மையான பாறைகள் அரித்துப்போய், கடினமான குவார்ட்சைட் நிமிர்ந்து நிற்பதால் மலையாகத் தெரிகிறது. நீங்கள் வரைபடத்தில் பார்த்த வளையம் அந்தக் கிண்ணத்தின் விளிம்பு. விளிம்பைத் தோண்டத் தொடங்கினால் அது உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டே போகும். மேலிருக்கும் இரும்பில்லாத பாறையையும் சேர்த்து அள்ள வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் மலையே மிஞ்சாது.

நான் வரைந்த மலையைப் பற்றி நானே தப்பாக எழுதுகிறேன். 28 வருடம் ஆகிவிட்டது என்று சாக்குச் சொல்லலாம். சொல்லவில்லை.

11 ஜனவரி, இரவு 11 மணி

கணக்குப் போடாமல் தூக்கம் வரவில்லை. சுரங்கத் திட்டம் போட்டவர்கள் கஞ்சமலையில் எடுக்கத்தக்கது என்று சொன்ன தாது சுமார் 7.5 கோடி டன். இந்தியா இப்போது ஓர் ஆண்டில் வெட்டும் இரும்புத்தாது 25 கோடி டன்னுக்கு மேல். மொத்த மலையையும் கரைத்தால் நாட்டுக்கு நான்கு மாதத் தாது கூடத் தேறாது. அதுவும் பாதிக் கல் கலந்தது. கழிவாக மிஞ்சும் மணல் மாவை எங்கே கொட்டுவது என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

14 ஜனவரி

பொங்கலுக்கு முதல் நாள். பரணில் பித்தளைப் பானை எடுக்க ஏறியவன் பழைய களக் குறிப்பேட்டோடு இறங்கினேன். அட்டையைக் கறையான் அரித்திருக்கிறது, உள்தாள் பிழைத்திருக்கிறது. காம்பஸ் சங்கதியை அன்றே எழுதி வைத்திருக்கிறேன்: தரையில் வைத்தால் 107, மார்பு உயரத்தில் 82. ஆக, விலகல் 15 டிகிரி அல்ல, 25. நினைவு நம் தப்பைக் கொஞ்சம் சுருக்கியே சேமித்து வைக்கிறது போலிருக்கிறது.

பக்கத்து வரியில் ‘மதியம் சாப்பாடு இல்லை, குரங்கு’ என்று இருக்கிறது. புளிச்சோறு போன கதை. இதை முழுக்க மறந்திருந்தேன்.

15 ஜனவரி

தை முதல் நாளில் பதில் எழுதக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. நாளை.

16 ஜனவரி

‘உருக்காலையை அங்கே வைத்ததே மலைக்காகத்தானே’ என்று கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். ஆமாம் தம்பி, அந்த எண்ணத்தில்தான். சேலத்துத் தாதுவையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் சேர்த்து இரும்பு உருக்கலாம் என்பதுதான் பழைய கனவு. 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கனவு கணக்குக்கு முன்னால் நிற்கவில்லை. 1981-இல் ஆலை ஓடத் தொடங்கியபோது அது துருப்பிடிக்காத உருக்குத் தகடுகளைக் குளிர்நிலையில் உருட்டி மெல்லியதாக்கும் ஆலையாக இருந்தது. தகடு வேறு இடத்திலிருந்து வந்தது. சொந்தமாக உருக்கும் உலை 2010-இல்தான். அதற்கும் மலையிலிருந்து ஒரு கூடைத் தாது போகவில்லை. உங்கள் வீட்டு டம்ளரில் சேலம் என்று முத்திரை இருந்தால், அதில் கஞ்சமலை ஒரு துளியும் இல்லை.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆலைக்கு நிலம் கொடுத்த குடும்பங்களை அவருக்குத் தெரியும். ‘மலையை வெட்டப் போகிறோம் என்று சொல்லித்தானே காட்டை வாங்கினார்கள்’ என்றார். அவருக்குக் காடு என்றால் வயல்.

16 ஜனவரி, பின்சேர்க்கை

இன்னொருவர்: ‘அந்தக் காலத்தில் உருக்கினார்களே, அது எப்படி?’ நல்ல கேள்வி. மலையை வெட்டவில்லை. மலை தானாக உதிர்த்ததைப் பொறுக்கினார்கள். மழை பெய்தால் ஓடையில் கறுப்பு மணல் படியும். குவார்ட்ஸ் லேசானது, தண்ணீரோடு போய்விடும், காந்தக்கல் கனமானது, தங்கிவிடும். அரைக்கிற வேலையையும் பிரிக்கிற வேலையையும் ஓடையே செய்து கொடுத்தது, காசில்லாமல். அந்த மணலை மரக்கரியோடு மண் உலையில் போட்டுத் துருத்தி ஊதினார்கள். நாங்கள் நடந்த வயல் வரப்புகளில் இரும்புக் கிட்டம், அதாவது உருக்கும்போது மிஞ்சும் கசடு, கிடந்தது. கையில் எடுத்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பு, உள்ளே குமிழ் குமிழாக ஓட்டை.

சின்ன வயதில் ரேடியோ ஒலிபெருக்கியை உடைத்துக் காந்தம் எடுத்து, கயிறு கட்டி ஓடை மணலில் இழுத்துக்கொண்டு போவோம். காந்தத்துக்குத் தாடி முளைக்கும். யாருடைய காந்தத்துக்கு நீளத் தாடி என்பதே போட்டி. மேக்னடைட் என்ற பெயரை அதற்குப் பத்து வருடம் கழித்துத்தான் கேட்டேன்.

19 ஜனவரி

பெரிய அளவில் செய்து பார்த்த ஆள் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். தாது சேலம் பக்கத்தில், உலை கடற்கரையில். எரிக்க மரக்கரி. இரும்பு நன்றாகத்தான் இருந்தது, இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஆனால் மரக்கரிக்குக் காடு வேண்டும், காடு வெட்ட வெட்டத் தூரம் போனது. 1860-களில் உலை அணைந்தது. அதற்கு வெகுமுன்பே ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். மற்றவர்கள் அதைச் சற்றே மாற்றிப் பயன்படுத்தினார்கள். வழக்குகள் அவர் இறந்த பிறகும் ஓடின.

கஞ்சமலை என்ற பெயரில் ‘கஞ்சம்’ என்பதற்குப் பொன் என்று ஒரு பொருள் உண்டு. மலையை நம்பிப் பணம் போட்டவர்கள் ‘கஞ்சம்’ என்பதற்கு வேறு பொருள் சொல்லக்கூடும்.

23 ஜனவரி

வரைபடம் பற்றிக் கேட்டவருக்கு: அந்த வளையத்தை முதலில் வரைந்தவர்கள் வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபுட் இருவரும். திருச்சி, சேலம், தென்னாற்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவமைப்பு பற்றிய அவர்களுடைய அறிக்கை 1864-இல் வந்தது. செயற்கைக்கோள் கிடையாது, விமானப் படம் கிடையாது. கஞ்சமலை குழிவாக மடிந்த மலை என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள். எங்களுக்கு நான்கு நாள் ஆகியும் தெரியாமல் பரோட்டா தின்றது நினைவிருக்கலாம்.

ஃபுட்டை ஊருக்குத் தெரிந்தது வேறு காரணத்தால். 1863-இல் பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியை எடுத்தார், இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு அது சாட்சியாயிற்று. ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் குடியேறினார். 1912-இல் இறந்தார். ஏற்காடு டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. ஏற்காட்டு விளிம்பில் நின்றால் கீழே சேலம், அதற்குத் தென்மேற்கே தனியாகக் கவிழ்த்த தோணி போல கஞ்சமலை. தான் வரைந்த மலையைக் கண்ணுக்கு முன் வைத்துக்கொண்டு முதுமையைக் கழித்த மனிதர். எனக்கு அந்த ஆளின் மேல் பொறாமை.

1944-இல் எம்.எஸ்.கிருஷ்ணனும் ஐயங்காரும் சேலம், திருச்சி இரும்புத்தாதுக்கள் பற்றித் தனி அறிக்கையே எழுதினார்கள். கிருஷ்ணன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பின்னால் நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். ஆக, இந்த மலையில் இரும்பு இருப்பதை எவரும் ஒளித்து வைக்கவில்லை. நூற்றறுபது வருடமாக அச்சடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

23 ஜனவரி, இரவு

ஏற்காட்டு மலை எந்தக் கல் என்று ஒரு மாணவி. பெரும்பாலும் சார்னகைட். நம் ஊரில் கருங்கல் என்று சொல்லி அம்மி கொத்துவதும், ஜல்லி உடைப்பதும் பல இடங்களில் இதைத்தான். உடைத்த முகத்தில் நீலமும் பச்சையும் கலந்த எண்ணெய்ப் பளபளப்பு இருக்கும். வயது சுமார் 250 கோடி ஆண்டு. பெயர் வந்தது ஒரு கல்லறையிலிருந்து. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்துக் கல். பரங்கிமலை, பல்லாவரம் வகை. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1900-இல் அந்தப் பெயரை வைத்தார்.

24 ஜனவரி

1900 தப்பு. பெயர் வைத்தது 1893-இல். 1900-இல் வந்தது அந்தப் பாறை வகை பற்றிய அவருடைய பெரிய அறிக்கை. மாணவியே திருத்தினார். தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டாம், எனக்குப் போயிற்று.

2 பிப்ரவரி

சுண்ணாம்புக் கரட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று நானே எழுதுகிறேன். ஓமலூர்ச் சாலையில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும். பெயரில் சுண்ணாம்பு இருக்கிறது, கல்லில் இல்லை. அது மேக்னசைட். ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்கல். பூமியின் ஆழத்தில் உருவாகும் டூனைட் என்ற பாறை சிதைந்து, அதன் வெடிப்புகளில் வெள்ளை நரம்புகளாக ஓடுகிறது.

செய்முறைத் தேர்வில் ஒரு வெள்ளைக் கல்லை என் முன்னால் வைத்தார்கள். சொட்டுப் புட்டியிலிருந்து நீர்த்த அமிலம் ஒரு துளி விட்டேன். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் சோடா மாதிரிப் பொங்க வேண்டும். துளி அப்படியே உருண்டு உட்கார்ந்தது. காத்திருந்தேன். பொங்கவில்லை. அமிலம் பழசு என்று முடிவு செய்து ‘சுண்ணாம்புக்கல்’ என்று எழுதிவிட்டு வந்தேன். சேலத்தில் பிறந்து, வெள்ளைக்கல்லை வைத்துக் கதவு சாத்தாமல் முட்டுக்கொடுத்த வீட்டில் வளர்ந்தவன். மேக்னசைட்டைப் பொடி செய்து, அமிலத்தைச் சூடாக்கினால்தான் அது வாய் திறக்கும். குளிர்ந்த துளிக்கு அசையாது. என் அம்மா அன்று மாலை சொன்னது: ‘வாசலில் கிடக்கிற கல் தெரியாதவனுக்கா இவ்வளவு பணம் கட்டினேன்?’

இதில் ஒரு வேடிக்கை. வெள்ளைக்கல்லைச் சூளையில் எரித்தால் ஏறக்குறைய பாதி எடை கரியமில வாயுவாகப் பறந்துவிடும். மிஞ்சுவது மக்னீசியா. அது உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் உருக்கு உலைகளின் உட்சுவருக்கு அதில் செங்கல் செய்கிறார்கள். சேலம் தன் இரும்பை யாருக்கும் கொடுக்கவில்லை. மற்ற ஊர் இரும்பு கொதிப்பதற்குச் சுவர் கொடுத்தது.

3 பிப்ரவரி

ஏற்காட்டு உச்சியிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டினார்கள். நாற்பது ஐம்பது வருடம் மழை பெய்தால் ஆகிற காரியம் அல்ல அது. கோடிக்கணக்கான ஆண்டு மழை சார்னகைட்டிலிருந்து சிலிக்காவையும் சுண்ணத்தையும் கழுவிக்கொண்டு போக, கரையாத அலுமினியம் மேலே தொப்பி போலத் தங்கியது. அந்த நாளில் லாரிகள் அதை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மேட்டூர் ஆலைக்குப் போயின. பஸ்ஸில் பின்னால் மாட்டிக்கொண்டால் சிவப்புத் தூசி. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

9 பிப்ரவரி

சித்தம்பூண்டிக் கல்லை நிலாவுக்குக் கொண்டுபோனார்களா என்று கேட்டவருக்கு: இல்லை, நிலாவை இங்கே கொண்டுவந்தார்கள். நிலாவின் மேட்டு நிலம் அனார்த்தோசைட் என்ற வெளிர் பாறை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் அதே வகை கிடைக்கிறது. சந்திரயான்-2-இன் தரையிறங்கும் கலத்தையும் அதன் வாகனத்தையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலா மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. இந்தக் கல்லை அரைத்துச் செய்துகொண்டார்கள். 1956-லேயே ஏ.பி.சுப்ரமணியம் சித்தம்பூண்டிப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதி உலகத்துக்குக் காட்டியிருந்தார். அன்று அதைப் படித்தவர்கள் குரோமைட்டும் குருந்தமும் தேடினார்கள். நிலா யாருடைய பட்டியலிலும் இல்லை.

ஆகவே ஒரு பாறைக்கு என்ன மதிப்பு என்பதை வரைபடத்தில் பார்த்து உறுதியாகச் சொல்லாதீர்கள் என்று எழுத வந்தேன். ஆனால் இதையே கஞ்சமலைக்கும் திருப்பிப் போடலாமே என்று உடனே தோன்றிவிட்டது. நாளைக்கு மின்சாரம் மலிவானால், அரைக்கிற முறை மாறினால், 35 பங்கு போதும் என்று யாராவது வருவார்கள். முதல் குறிப்பில் ‘கல்தான் தடுக்கிறது’ என்றேன். இன்றைய விலையில் கல் தடுக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள்.

10 பிப்ரவரி

‘அப்போது மக்கள் தடுப்பார்கள்’ என்று திருவண்ணாமலைக்காரர் ஒருவர். உண்மை. அங்கே கவுத்திமலை, வேடியப்பன் மலை இரண்டிலும் இதே வகைத் தாது. 2008-இல் சுரங்கம் வரப்போகிறது என்றதும் சுற்று ஊர்களெல்லாம் எழுந்து நின்றன. மலை இன்னும் இருக்கிறது. கஞ்சமலையிலும் சித்தர் கோவிலுக்கு அமாவாசை தோறும் வரும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், அங்கே வெடி வைப்பது எளிதென்று நினைக்க மாட்டார்கள். கேள்வி கேட்ட தம்பி சொன்ன ‘யாரோ தடுக்கிறார்கள்’ இதுதான் என்றால், அந்த அளவுக்கு அவர் சொன்னது சரி. ஜனவரியில் நான் அவசரப்பட்டேன்.

18 பிப்ரவரி

இது சங்கடமான குறிப்பு.

வரைபடத்தில் பாறை எல்லையை இரண்டு விதமாகப் போடுவார்கள். காலால் நடந்து கண்ணால் பார்த்த இடத்தில் முழுக்கோடு. மண் மூடி, ஊகித்த இடத்தில் விட்டுவிட்டு வெட்டுக்கோடு. பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தரும் ஒழுக்கம் அது. குறிப்பேட்டோடு என் பழைய தாளின் நகலும் கிடைத்தது. கிழக்கு முனையில் கிண்ணத்தின் விளிம்பு வளைந்து மூடுகிற இடத்தில், ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்கு அழகான முழுக்கோடு போட்டிருக்கிறேன்.

நான் அங்கே போனதே இல்லை. கடைசி நாள். முள்காடு, மழை வேறு. குரங்குக்குப் போன சோற்றின் நினைவு. வடக்கிலிருந்து வந்த பட்டையும் தெற்கிலிருந்து வந்த பட்டையும் எப்படியும் சேரத்தானே வேண்டும் என்று அறையில் உட்கார்ந்து சேர்த்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. பேராசிரியரும் கேட்கவில்லை.

19 பிப்ரவரி

அந்தக் கிழக்கு அடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐந்து வருடத்துக்கு முன் கிணறு ஆழப்படுத்தியபோது இரும்புக்கல் வரவில்லையாம். பச்சை கலந்த கறுப்புக் கல், உள்ளே கடுகளவு சிவப்பு மணிகள். வெட்டிப் போட்ட கல் இன்னும் கிணற்று மேட்டில் கிடக்கிறது என்று படமும் அனுப்பினார். சிவப்பு மணிகள் கார்னெட். அந்தப் பாறை பட்டைக்குப் பக்கத்தில் இருப்பது, பட்டை இல்லை. கிணறு என் முழுக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

மண் மூடிய இடத்தில் முதலில் கிணற்று மேட்டைப் பார் என்பது களப்பணியின் பாலபாடம். கிணறு அப்போதும் இருந்தது, ஆழம் மட்டும் குறைவு என்கிறார். பக்கத்தில் டீக்கடையும் இருந்ததாம்.

20 பிப்ரவரி

நிலவியல் ஆய்வுத் துறையின் வரைபடத்தோடு ஒப்பிட்டீர்களா என்று கேட்கிறார்கள். அது என் தாளைப் பார்த்து வரைந்ததல்ல, பயப்பட வேண்டாம். மாணவன் தாள் கல்லூரி அலமாரியைத் தாண்டாது. துறையின் தாளில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டுக்கோடு. யாரோ ஒருவர் அங்கே வரை நடந்துபோய், தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்றே வரைந்திருக்கிறார்.

25 பிப்ரவரி, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். கேள்வி கேட்ட தம்பியும் வந்தார். நேரில் பார்த்தால் பையனுக்கு இருபத்திரண்டுதான் இருக்கும். தொலைபேசியில் காம்பஸ் வைத்திருந்தார். இரும்புக்கல் பாறை மேல் வைத்தார், எழுந்து நின்று பார்த்தார், மறுபடி வைத்தார். ‘சார், இது வடக்கை மாற்றி மாற்றிச் சொல்கிறது’ என்றார். எவ்வளவு மாறுகிறது என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். 19 டிகிரி. எங்கள் 25-க்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறதே என்றார். வேறு பாறை, வேறு உயரம், வேறு ஊசி.

தோட்டக்காரர் மோர் கொடுத்தார். கிணற்று மேட்டில் கல்லை உடைத்து லென்ஸில் பார்த்தோம். கார்னெட்தான். அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய நானூறு அடி நடந்தபின் முதல் இரும்புக்கல் தட்டுப்பட்டது, அதுவும் உதிர்ந்து உருண்டு வந்த துண்டு, வேரூன்றிய பாறை அல்ல. பட்டை எங்கே வளைகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெயில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து நகலை மேசையில் விரித்து, பிளேடால் முழுக்கோட்டை இடைவெளி விட்டுவிட்டுச் சுரண்டினேன். மூன்று கிலோமீட்டருக்குப் பதினொரு வெட்டு. இரண்டாவது வெட்டில் தாள் கிழிந்தது, பின்னால் டேப் ஒட்டியிருக்கிறேன்.